இஸ்திரி போட்ட கடிதங்கள்

இஸ்திரிப் பெட்டி சூடேறிவிட்டதா என்று விரலில் எச்சில் தொட்டுப் பார்த்தார் அவர். சுர்ரென்றது. மேஜைமேல் விரித்திருந்ததைச் சுருக்கம் விழாமல் நீவிவிட்டு, ஓரத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.

துணியல்ல, கடிதம். சிறைக்கு வரும் கடிதத்தில் யாராவது எலுமிச்சைச் சாற்றால் ரகசியமாக எழுதியிருந்தால், சூடு பட்டதும் பழுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். பதினாறு வருடமாக அவருக்கு இதுதான் உத்தியோகம்.

இந்தக் கடிதம் நாற்பத்தோராம் அறைக்காரனுக்கு அவன் மனைவி எழுதியது. அவன் செத்து ஏழு மாதமாகிறது. வீட்டுக்குச் சொல்லக் கூடாது, கடிதம் வந்துகொண்டே இருக்கட்டும், அவள் மூலமாக அவன் கூட்டாளிகள் ஏதாவது எழுதி மாட்டுவார்கள் என்பது அதிகாரியின் உத்தரவு. ஒரு பழுப்பு எழுத்து தெரிந்தாலும் போதும், அவளையும் பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள்.

உயிரோடு இருந்தபோது அவன் அவளுக்கு ஒருமுறை, "உன் கடுதாசி இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மொறமொறன்னு வருது" என்று எழுதியிருந்தான். அதைத் தணிக்கை செய்த இவரும் சிரித்துவிட்டுத்தான் அனுப்பினார். இப்போதெல்லாம் அவள் கையெழுத்தைக் கண்டாலே அந்தக் கடிதத்தைக் கட்டின் அடியில் செருகிவிட்டுக் கடைசியில்தான் எடுத்தார்.

பாவம், வெகுளி. முதலில் ஏன் பதில் இல்லை என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். பிறகு அதையும் விட்டுவிட்டு, நாள் முழுக்க நிற்காதீர்கள் கால் வீங்கும், புழுக்கமாக இருந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றெல்லாம் புத்தி சொன்னாள். சிறையறையில் திறக்க ஏதம்மா ஜன்னல் என்று இவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அவள் கடிதம் வரும் செவ்வாய்க்கிழமைக்காக மனசு காத்துக் கிடக்கும். இவருக்கென்று கடிதம் போட இந்த உலகத்தில் ஒரு நாதியில்லை.

இன்று வரிகளுக்கு நடுவே பழுப்பு படர்ந்தது. இவருக்குப் பகீரென்றது. பெட்டியைத் தூக்கினார், ஆனால் எழும்பிய எழுத்து இனி மறையப்போவதில்லை.

"என்னய்யா, ஏதாவது தெரியுதா?" என்றபடி அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

அவர் வந்து சேர்வதற்குள் இவர் கண்கள் அவசரமாக வரியில் ஓடின.

"தேய்க்கிற அண்ணே, அவரு போயிட்டாருன்னு எனக்குத் தெரியும். பேச வேற யாருமில்ல, அதான் உங்களுக்கு எழுதிக்கிட்டிருக்கேன்."