காற்றுக் குளியல்

கல்லறுக்கும் பட்டறையில் வேலை முடிகிறது. பாலிஷ்காரர் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கிறார்; எச்சிலும் கல்தூளும் குழைந்து அதில் உதட்டின் வடிவத்தில் ஒட்டியிருக்கின்றன. காறித் துப்புகிறார். சாம்பல் நிறச் சளி பரவாமல் சிமெண்டுபோல் நிற்கிறது. "டாக்டர் என்ன சொன்னாரு மச்சான்?" என்கிறான் கூட வேலை செய்யும் மைத்துனன். "செல்லுக்குள்ள டிஎன்ஏன்னு ஒண்ணு இருக்காம். உள்ள போற தூசி அதையே கெடுத்துடுமாம். கேன்சர் வரலாமாம்." "அதான் ஊதிவிடறேனே, கண்ணை மூடிக்குங்க" என்று காற்றடிக்கும் கம்ப்ரசர் குழாயை அவர் மார்புக்கு நேரே பிடிக்கிறான். சட்டையிலிருந்து கிளம்பும் வெள்ளைப் புழுதியில் இருவரும் மறைகிறார்கள். கண்கள் இறுக மூடியிருக்கின்றன. இருமலில் வாய்கள் அகலத் திறக்கின்றன. பாதி திறந்த கண்ணாடிக் கதவுக்கு அப்பால், பளபளக்கும் சமையல்மேடைக் கல்லைத் துடைத்தபடியே முதலாளி கத்துகிறார்: "கதவைச் சாத்துங்கடா! கல்லு மேல தூசி படியுது!"