கண்டல் விதையின் வெளிநாட்டுப் பயணம்

கழிமுகத்துச் சேற்றில் நின்ற கண்டல் மரத்தில் முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு விதை.

"இந்தச் சேத்து நாத்தத்துல மனுஷன் முளைப்பானா? நான் வெளிநாடு போறேம்மா!" என்று ஆடி ஆடி, கடல் ஓதம் ஏறிய நேரம் பார்த்துத் தொபுக்கென்று குதித்தது.

தண்ணீர் அதை வாரிக்கொண்டு ஓடியது. விதை குட்டிக்கரணம் போட்டது, சுழலில் பம்பரமாய்ச் சுற்றியது, "கடலே, வழி விடு!" என்று கத்தியது. மீன் என்று நினைத்துக் கொத்திய கொக்கு ஒன்று முகம் சுளித்துத் துப்பியது. விதைக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அடுத்த ஓதம் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, குதித்த மரத்தடியிலேயே செருகிவிட்டுப் போனது.

விதை அண்ணாந்து பார்த்தது. அம்மாவைக் கீழேயிருந்து அது பார்த்ததே இல்லை.

"வணக்கம் பெரியம்மா! இது எந்த நாடுங்க?"

வளைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த நண்டு சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தது. தாய்மரம் சட்டென்று ஒரு பழுத்த இலையை அதன் தலையில் போட்டது.

"வெளிநாடேதான் தம்பி. சௌகரியமா வேர் விடு."

விதையும் பெருமையாக வேர் விட்டது. விட்ட பிறகு பெருமூச்சும் விட்டது.

"எல்லாம் வசதியாத்தான் இருக்கு பெரியம்மா. ஆனா எங்க ஊருச் சேத்து மணம் இங்க வருமா?"