கைராசி வட்டி

புருஷன் வீட்டில் இருக்கும்போது வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் தையல்காரி கத்திரியைக் கீழே போட்டாள்.

எந்த நாளும் இந்த நேரத்துக்கு அவன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு பாதி ஊரைத் தாண்டியிருப்பான். இன்றைக்குப் பார்த்துத்தானா வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும்!

நல்லவேளை, பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தான். தொண்டை கிழியப் பாட்டு வேறு. பாட்டு கேட்கும்வரை பயமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கெட்டவன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். குடி கிடையாது, சீட்டு கிடையாது. இளகிய மனசு, அது ஒன்றுதான் வியாதி. எவனாவது எதிரே வந்து மூக்கைச் சிந்தினால் போதும், சட்டைப்பையில் இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவான். தெருவே அவனுக்கு வள்ளல் என்று பெயர் வைத்திருந்தது.

மாதாமாதம் வருகிற ஓவர்டைம் காசு எந்தப் புண்ணியவான் வீட்டுக்குப் போகிறது என்று அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். பல்லைக் காட்டி மழுப்பிவிடுவான்.

அதனால்தான் அவனுக்குத் தெரியாமல் தபால் வங்கியில் கணக்குத் திறந்தாள். கால்சட்டை ஓரம் மடித்து, ஜிப் மாற்றி, மிச்சம் பிடித்ததைத் தபால்காரரிடம் கொடுப்பாள். அவர் பையிலிருந்து கையடக்க மெஷினை எடுப்பார். கட்டைவிரலை வைத்தால் வேலை முடிந்தது. வீட்டு வாசலே வங்கி.

வட்டியும் அள்ளிக் கொடுத்தார்கள். அளவெடுப்பதில் அவள் புலி, வட்டிக் கணக்கில் பூனை. ஆனாலும் பணம் வளர்வது தெரியாதா என்ன? பூரித்துப்போய் அக்கம்பக்கத்து வீட்டுக்காரிகள் மூன்று பேரையும் சேர்த்துவிட்டாள். அவர்கள் கணக்கு நகரவே இல்லை. எங்களுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று பிடித்துக்கொண்டார்கள்.

"அது அவங்கவங்க கைராசிம்மா" என்று சொல்லிவிட்டுத் தபால்காரர் சைக்கிளை மிதித்துவிட்டார்.

அந்த மெஷினில் ஒரே ஒரு தொல்லை. அது பேசும். படிக்கத் தெரியாதவர்களுக்கு உதவட்டும் என்று மேலிடத்தில் யாரோ செய்த ஏற்பாடு. விரலை வைத்ததும் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெருக்கோடி வரைக்கும் கேட்க ஒரு பெண் குரல் அறிவிக்கும். குரலைக் குறைக்கிற பொத்தானைப் பாவி மனுஷன் எவனும் வைக்கவில்லை.

அதற்குத் தபால்காரர் தானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மெஷின் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துக் குடல் வெளியே வருகிற மாதிரி இருமுவார். இரக்கப்பட்டு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தவர்கள்கூட உண்டு.

இன்றைக்கு அந்த இருமலை நம்பித்தான் அவள் இருந்தாள். கடைவீதி முனையில் சின்னதாக ஓர் அறை வாடகைக்கு வந்திருப்பதாகத் தபால்காரர்தான் சொல்லியிருந்தார். சாயங்காலத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் செல்போன் ரிப்பேர்க்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். அவள் பெயரில் ஒரு கடை, வாசலில் ஒரு பலகை! கணக்கை வழித்துத் துடைத்து எடுத்தால் சரியாக வரும் என்று நம்பினாள். கட்டி முடித்த பிறகு புருஷனிடம் சொல்லிக்கொள்ளலாம். முன்னாலேயே தெரிந்தால் பணம் அறைக்கா போகும்? யார் வீட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்கோ போய்விடும்.

பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்றே அவளுக்குப் புரியவில்லை. வாசலுக்கு வந்தவர் கையில் முதலில் ஒரு டம்ளர் டீயைத் திணித்தாள். கொதிக்கக் கொதிக்க. பிறகு விரலை வைத்தாள்.

தபால்காரர் அப்போதுதான் ஒரு பெரிய மடக்கு வாயில் வாங்கியிருந்தார்.

இருமவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கன்னம் உப்ப, கண் பிதுங்க, மனுஷன் அப்படியே நின்றார். மெஷின் சாவகாசமாகத் தொகையை அறிவித்தது. முழுசாக. தெளிவாக.

முன்பணத்துக்கு அந்தத் தொகை போதவில்லை.

அதை அவள் நினைத்து வருந்தக்கூட நேரமில்லை. பின்பக்கம் பாட்டு நின்றுவிட்டது.

தலை நிறைய சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு, தரையெல்லாம் ஈரமாக வள்ளல் வாசலுக்கு ஓடிவந்தான். அவள் மெஷினை முந்தானையால் மூடினாள். என்ன பொய் சொல்லலாம் என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. நேரே தபால்காரரிடம் போனான்.

"என்னண்ணே இது? இந்த மாசம் நான் குடுத்தது ஏறலையா? அதோட சேர்த்தாத்தானே கடைக்குச் சரியா வரும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தபால்காரர் ஒருவழியாக டீயை விழுங்கினார். "அன்னிக்கு நெட்டு இல்ல தம்பி. இப்பவே ஏத்திடறேன்" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மெஷினைத் தட்ட ஆரம்பித்தார்.

தையல்காரி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள்.

நெற்றியிலிருந்து நுரை வழிந்து அவன் இரண்டு கண்ணையும் மூடியிருந்தது.

"எரியுதுடி, தண்ணி ஊத்தேன்."

கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துப்போனாள். செம்பில் மொண்டு கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக ஊற்றினாள். அவன் கண்ணைத் திறப்பதற்குள் அவள் தன் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.