தனியாக நிற்கும் எழுத்து

“டீச்சர், எனக்கு ஒரே ஒரு எழுத்து மட்டும் சொல்லிக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள எழுத வந்துடணும்.”

வாசலில் நின்றவனைப் பார்த்ததும் சுஹைலா டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னூன்! ஈராக்கின் மோசுல் நகரத்தில் அந்தத் தெருவின் எல்லா வீடுகளுக்கும் தள்ளுவண்டியில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்து போடுகிறவன். நாற்பது வயது. பத்து வருடமாக, அவன் சிலிண்டர் இறக்கும்போதெல்லாம் “எழுதக் கத்துக்கோ, தன்னூன்” என்று அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார். “எதுக்கு டீச்சர்? சிலிண்டர் எனக்குப் பரீட்சையா வைக்கப் போகுது?” என்று நழுவிவிடுவான்.

“உள்ள வாப்பா. எந்த எழுத்து?”

“நூன்.”

“அரபியில முதல் எழுத்தான அலிஃப்லேருந்து ஆரம்பிப்போமே. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“வேணாம் டீச்சர். நூன் மட்டும் போதும்.”

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. அவன் பெயரை எழுதினால் அதில் இரண்டு நூன் வரும். சொந்தப் பெயர் மேல் இந்த வயதில் ஆசை வந்திருக்கிறது. வரட்டும். துப்பாக்கிக்காரர்கள் ஊரைப் பிடித்து ஒரு மாதமாகிறது. அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு பிள்ளைகூடப் படிக்க வரவில்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டு உற்சாகமாக உட்கார்ந்தார்.

“பாரு, இது ஒரு கிண்ணம். அதுக்கு மேலே, நடுவுல ஒரு புள்ளி. அவ்வளவுதான்.”

தன்னூன் பென்சிலை முஷ்டியால் பிடித்து எழுதினான். கிண்ணம் தட்டாகிவிட்டது. புள்ளி அடியில் போய் விழுந்தது.

“இது ‘பா’ ஆயிடுச்சு. கிண்ணத்தைக் குழியாப் போடு. சிலிண்டர் தூக்குற கைக்குப் பென்சில் கனக்குதா என்ன!”

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பான். இன்று சிரிக்கக்கூட இல்லை. அடுத்ததை எழுதினான். அதற்கடுத்ததையும்.

“இப்போ மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உன் பேரைச் சொல்லு.”

சொன்னான். பாதியில் சத்தம் அடைத்துக்கொண்டு முகம் சிவந்தது. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அடைச்சுது பார், அதான் நூன். நாக்கு மேல் ஈறுல ஒட்டும், சத்தம் மூக்கு வழியா வரும். நாப்பது வருஷமா நீ சொல்லிட்டிருந்த எழுத்துதான்.”

பழைய செய்தித்தாளை எடுத்து, தலைப்பில் நூன் எங்கெல்லாம் வருகிறது என்று தேடச் சொன்னார். விரலை வைத்து மெதுவாகத் தேடி, இரண்டைக் கண்டுபிடித்துவிட்டான்.

“இங்கே ஒண்ணை விட்டுட்டே. வார்த்தைக்கு நடுவுல வந்தா அதோட உருவமே மாறிடும்.”

“அது வேணாம் டீச்சர். தனியா நிக்கிறது மட்டும் போதும்.”

“அதுவும் சரிதான். உன் பேரோட கடைசியில அது தனியாத்தான் நிக்கும்.”

டீ ஊற்றிக் கொடுத்தார். அப்போது போன் அடித்தது. துப்பாக்கிக்காரர்கள் பிடிக்காத எர்பில் நகரத்திலிருந்து தம்பி.

“அக்கா, நம்மாளுங்க பாதிப் பேர் இங்கே வந்தாச்சு. நீயும் இன்னிக்கே கார் பிடிச்சு வந்துடு.”

“நான் எதுக்குடா வரணும்? இந்தத் தெருவுல பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடக் கத்துக்குடுத்ததே நான்தான். என்னை யார் என்ன பண்ணப் போறா? இப்பக்கூடப் பாடம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. வை போனை!”

தன்னூன் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: “போயிட்டு வாங்களேன், டீச்சர். தம்பி இவ்வளவு கூப்பிடறாரே. இன்னிக்கே கிளம்பிடுங்க.”

“நான் போயிட்டா அடுத்த எழுத்தை உனக்கு யாரு சொல்லிக் குடுப்பா?”

அவன் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். டீயைத் தொடவில்லை. வாசல்வரை போனவன் திரும்பி நின்றான்.

“மன்னிச்சுக்குங்க, டீச்சர்.”

“டீ குடிக்காததுக்கா? போ, போ. நாளைக்கு வா.”

மறுநாள் காலை ரொட்டி வாங்கக் கிளம்பிய டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், சிவப்புப் பெயிண்டில், ஒரு கை நீளத்துக்கு நூன். கிண்ணம் குழிவாக வந்திருந்தது. புள்ளியும் சரியான இடத்தில் இருந்தது. கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. ‘எழுதிப் பழக என் வீட்டுச் சுவர்தான் கிடைச்சுதா, கழுதைக்கு!’ என்று நினைத்துக்கொண்டு ஈரத்துணியோடு திரும்பி வந்தார்.

“தொடாதீங்க டீச்சர்! அழிச்சா சுட்டுடுவாங்க!”

எதிர்வீட்டு மரியம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுச் சுவரிலும் அதே எழுத்து. வாசலில் நின்ற காரில் அவள் கணவன் மெத்தையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“என்னம்மா இது?”

மரியம் தெருமுனையைக் காட்டினாள். இரண்டு துப்பாக்கிக்காரர்களுக்கு நடுவே தன்னூன் கடைசி வீட்டுச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தான்.

“நஸ்ரானிங்கிறதுக்கு முதல் எழுத்து, டீச்சர். கிறிஸ்தவங்க வீட்டுச் சுவர்ல மட்டும்தான் போடறாங்க. சனிக்கிழமை மதியத்துக்குள்ள எல்லாத்தையும் விட்டுட்டு ஓடணுமாம், இல்லேன்னா கழுத்தை அறுப்பாங்களாம். எது யார் வீடுன்னு தன்னூனுக்குத்தானே தெரியும்னு அவனைப் பிடிச்சிருக்காங்க. நீயே உன் கையால எழுதணும்னிருக்காங்க, எனக்கு எழுதவே தெரியாதுன்னு கெஞ்சியிருக்கான். சாயங்காலத்துக்குள்ள கத்துக்கிட்டு வரலேன்னா உன் ரெண்டு பொண்ணுங்களையும் தூக்கிட்டுப் போயிடுவோம்னுட்டாங்களாம். அவன் பொண்டாட்டி வந்து அழுதுட்டுப் போனா...”

மரியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவனுக்கு எந்தப் பாவி சொல்லிக் குடுத்தாங்களோ, டீச்சர்!”