நோய்த் தொட்டியில் கிடந்த சங்கு

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கோபக்காரியின் கதை சொல்கிறேன். பாலியின் வடகரையில் நடந்தது. சின்னக் கதைதான், கையில் இருக்கிற வேலையை மடியில் வைத்துக்கொண்டே கேட்டுவிடலாம்.

"கொலைகாரப் பாவி! மூணு பேரையும் கொன்னுட்டியேடா!"

ரஸ்மினி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்தியது. வாழை இலையில் மூன்று உடல்களும் வரிசையாகக் கிடந்தன. நீலமும் மஞ்சளுமாய் வரியோடிய, உள்ளங்கை அகலக் கடல் மீன்கள். ஊர் ஆண்கள் மூச்சடக்கி முங்கி, பாறை இடுக்கில் வலை விரித்துப் பிடித்துக் கொடுத்தவை. அழகுக்கு வளர்ப்பவர்களிடம் வெளிநாடு போக, டென்பசாரில் விமானம் ஏற வேண்டியவை.

சுவார்ஸா தலையைக் குனிந்து நின்றான். ஒரு காலத்தில் அவனும் முங்கியவன்தான். ஆழத்தில் காது வெடித்துப் போனதிலிருந்து ரஸ்மினியின் இந்த மீன் வீடுதான் அவனுக்குப் பிழைப்பு, இதில் ஒரு மூலைதான் படுக்கை.

"பொட்டு மறையவே இல்லக்கா. கூடிக்கிட்டேதான் போச்சு. பாருங்க, மேலெல்லாம் உப்பு தூவின மாதிரி. அதான் இன்னும் கொஞ்சம் மருந்து ஊத்தலாமான்னு கேட்டேன்..."

"கேட்டியா, ஊத்தியே விட்டியா? நான் அளந்து ஊத்தினதுக்கு மேல நீ ஊத்தியிருக்க! இது என்ன காப்பியா, ஆளுக்கொரு கை சர்க்கரை போட? செம்பு மருந்துடா! இந்தத் தண்ணியில நண்டையும் இறாலையும் விட்டா விடியறதுக்குள்ள மல்லாந்துடும். அளவு கூடிப் போனா மீனுக்கும் அதே கதிதான்."

"இந்தப் பூத்தட்டு மேல சத்தியமா நான் தொடலக்கா."

தொட்டி மேல் காலையில் அவள் சாமிக்கு வைத்த தென்னங்குருத்துத் தட்டில் பூ இன்னும் வாடவில்லை. "சாமியை வேற இழுக்கிறியா?" என்று அதற்கும் ஒரு வாங்கு வாங்கினாள்.

பின்னால் மூங்கில் மேடையில் அவள் அண்ணன் அர்னவா சோற்றில் மிளகாய்ச் சம்பலைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நகரத்திலிருந்து மருந்துக் குப்பி வாங்கி வருபவன் அவன்தான்.

"இவன்கிட்ட என்ன பேச்சு தங்கச்சி? மூட்டையைக் கட்டச் சொல்லு. காது செத்தவனுக்கு அளவு சொன்னா எங்க கேக்கும்?"

"பாத்தியாடா? எங்கண்ணன் வெயில்ல அலைஞ்சு, வெளிநாட்டுச் சரக்கா தேடிப் பிடிச்சுக் கொண்டாந்து குடுக்குறாரு. நீ அதை ஆத்துத் தண்ணி மாதிரி..."

சட்டென்று நிறுத்தினாள். நோய்த் தொட்டியின் அடியில், மீன் ஒளிந்துகொள்ளப் போட்டிருந்த குழாய்த் துண்டின் வாயருகே ஒரு சின்னச் சங்கு கிடந்தது.

"இது என்னடா? மணல், கல்லு, சங்கு எதுவும் இதுல இருக்கக் கூடாது, மருந்தை உறிஞ்சிடும்னு எத்தனை தடவை தொண்டை கிழியச் சொன்னேன்!"

"மீன் வந்த கூடையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்க்கா. அன்னைக்கே விழுந்திருக்கும், நான் கவனிக்கல. எடுத்துடறேன்..."

"கையை வைக்காதே! இனிமே என் தொட்டியில உன் விரல் படக் கூடாது."

குழாய்க்குள் நாலாவது மீன் செவுளை அடித்துக்கொண்டு கிடந்தது. மிஞ்சியது அது ஒன்றுதான். சுவார்ஸா அதையே பார்த்தான்.

"இதையாவது தேத்திட்டுப் போறேனேக்கா. போறதுக்கு எனக்கு வேற இடமும் இல்ல."

"நீ தேத்துன லட்சணம்தான் இலையில கிடக்கே!"

மூலையில் இருந்த அவன் பாயைச் சுருட்டி முற்றத்தில் வீசினாள். அடுத்து அவன் கைலியும் போய் விழுந்தது. பின்னாலேயே அவனுடைய பழைய முங்குக் கண்ணாடியும் பறந்து, படியில் பட்டு விரிசல் விட்டது. அவன் மெல்லக் குனிந்து அதை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

"சபாஷ்!" என்றான் அர்னவா, வாய் நிறையச் சோற்றோடு. "அடுத்த தடவை ரெண்டு குப்பியா வாங்கிட்டு வந்துடறேன் தங்கச்சி."

ரஸ்மினிக்கு இன்னும் ஆறவில்லை. அந்தச் சங்கையும் எடுத்து சுவார்ஸாவின் மூஞ்சியில் எறிந்தால்தான் ஆறும் போலிருந்தது. கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுக் குழாயின் வாயருகே துழாவினாள்.

அங்கே சங்கு இல்லை. எதிர் மூலையில், காற்றுக் குமிழி கிளம்பும் இடத்தில் கிடந்தது. எட்டி எடுத்தாள், எறியக் கையை ஓங்கினாள்.

உள்ளங்கையில் ஏதோ சுருக்கென்றது.

விரலை விரித்தாள். சங்குக்குள்ளிருந்து சிவந்த கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இரண்டு மீசைகள் காற்றைத் துழாவின. பிறகு அது, ஊர் சுற்றப் புறப்பட்டதுபோல, அவள் மணிக்கட்டை நோக்கிச் சாவகாசமாக நடக்க ஆரம்பித்தது.

ரஸ்மினி அதைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். நேற்றுக் காலையிலும் தன் கையாலேயே அளந்து ஊற்றிய நீலக் குப்பியைப் பார்த்தாள்.

முற்றத்தில் சுவார்ஸா பாயைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தான். "அதைக் கீழ வை" என்றாள். குரல் சத்தமாக வரவில்லை.

நேரே மூங்கில் மேடைக்குப் போய், அண்ணனின் சோற்றுத் தட்டின் நடுவில் கையைக் கவிழ்த்தாள். அர்னவாவின் கவளம் பாதி வழியில் நின்றது.

"அண்ணே, இந்த நண்டு ஏன் இன்னும் சாகல?"

உங்கள் வீடு நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும் கண்ணுகளா. அப்படியே வந்தாலும், உங்கள் வாசலுக்கு வருகிற மருந்து மருந்தாகவே இருக்கட்டும்.