தந்தியில் ஓர் இடைவெளி

மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு மன்னாருக்குப் போய்விட்ட மகள் மனோகரியோடு சிவக்கொழுந்து பல வருடங்களாகப் பேசவில்லை. தனக்கு மட்டும் உலை வைத்து வைத்துச் சலித்துப்போய், ஒருநாள் மகளுக்குத் தந்தி அடித்தாள்.

அவள் காத்து நின்ற நயினாதீவுத் துறையில், வள்ளத்திலிருந்து மருமகன் அருளப்பு மட்டுமே இறங்கினான்.

“அவள் எங்கை?”

“தன்னைக் கூப்பிடேல்லை எண்டு அழுதுகொண்டு வீட்டிலை இருக்கிறா, மாமி. நீங்கள் என்னைத்தானே அவசரமா வரச்சொன்னனீங்கள்?”

“ரெண்டு பேரையுமெல்லோ வரச்சொன்னனான்.”

அவன் தந்தியை நீட்டினான். ‘மருமகனுடன் வரவும்’ என்று அவள் சொல்லி எழுதுவித்தது, ‘மருமகன் உடன் வரவும்’ என்று பிரிந்து போயிருந்தது.

சிவக்கொழுந்து தந்தியை மடித்து மடியில் செருகிக்கொண்டாள். திரும்பிப் போகவிருந்த அதே வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“வாரும் தம்பி, அவளிட்டைப் போவம்.”