சூசைநாயகம் என்றொரு பிழை

நீக்கினாள். பெயர் போனது.

பக்கத்தைப் புதுப்பித்தாள். இல்லை. கைபேசியில் பார்த்தாள். அங்கும் இல்லை.

சரியாகத்தான் வேலை செய்கிறது.

ஆனால் துறைமுகத்தில் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் டைட்டஸ் மறுபடியும் எழுதியிருந்தான். ‘நீக்கின பேரு காலையில திரும்ப வந்து நிக்குதுக்கா. சரிபண்ணித் தாங்க.’

திரும்ப வருகிறதாம். எப்படி வரும்?

அவள் எழுதிய மென்பொருள் அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். கடலுக்குப் போகிறவர்களின் பெயரையும் போகும் தேதியையும் வீட்டார் போனிலிருந்தே அதில் சேர்ப்பார்கள். துறைமுகக் கூடத்துத் திரையில் பெயர் பச்சையாகத் தெரியும். சொன்ன நேரத்துக்குக் கரை திரும்பாவிட்டால் சிவப்பாகும்.

சூசைநாயகத்தின் பெயர் சிவப்பாகி அப்படியே நின்றுவிட்டது. படகு கிடைத்தது. கூடப் போனவர்கள் கிடைத்தார்கள். அவர் கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்தினார்கள். கோயிலில் பூசை வைத்தார்கள். பிறகு மீனவர் சங்கத்தில் கூடிப் பேசி, பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். டைட்டஸ் எடுத்தான்.

மறுநாள் காலை திரையில் மீண்டும் சிவப்பு.

யாருடைய படகோ என்று மீன் ஏலத்துக்கு வந்த பெண்கள் பதறி ஓடிவந்தார்கள். ஒருத்தி கூடத்திலேயே உட்கார்ந்து அழுதாளாம்.

அதனால் டைட்டஸைத் திட்டவும் முடியவில்லை.

வாரம் முழுக்க இதே வேலை. சர்வரை மாற்றினாள். பழைய நகல்களை அழித்தாள். மென்பொருளைச் சோதிக்க டெஸ்ட் மேல் டெஸ்ட் எழுதினாள். எல்லாம் பாஸ்.

ஒன்றாவது தோற்றுத் தொலைக்கக் கூடாதா என்றிருந்தது. தோற்றால் ஓட்டை எங்கே என்றாவது தெரியும்.

எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்தாள். வைத்த கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கொல்லத்திலிருந்து அனீஷ் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தான். நேரில் பார்த்ததில்லை. இந்த மென்பொருளுக்காகச் சும்மா உழைக்கிறவன். ஒரு பெயரை நீக்கிவிட்டால் அந்தப் பழைய தேதியில் மறுபடி எந்தப் பெயரையும் உள்ளே விடாது அவன் திருத்தம். ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். தொல்லை ஒழிந்தது.

விரலை வைத்தாள். எடுத்தாள். ஏன் வருகிறது என்று தெரியாமல் வாசலை மட்டும் அடைப்பதா?

டைட்டஸ் தினமும் படம் எடுத்து அனுப்பியிருந்தான். எரிச்சலோடு ஒவ்வொன்றாகத் திறந்தாள். அதே தேதி. அதே சிவப்பு. அதே பெயர்.

சூசைநாயகம்.

சூசநாயகம்.

சூசை நாயகம.

நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இயந்திரம் திருப்பிக் கொண்டுவந்தால் எழுத்து மாறாது.

இது யாரோ அடித்தது. காலைதோறும், முதலிலிருந்து.

அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. போய் அணைக்கவேண்டும் என்று உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

அணைத்துவிட்டு டைட்டஸைக் கூப்பிட்டாள். அவனுக்குப் பின்னால் ஏலக் கூச்சல்.

“டைட்டஸ், பேரு தானா வரல. யாரோ சேக்கிறாங்க.”

அவன் நடப்பது தெரிந்தது. கூச்சல் தள்ளிப்போனது.

“பிரகாசியா இருக்கும்க்கா. அவருக்க வீட்டுக்காரி.” குரலைத் தாழ்த்தினான். “அத நிப்பாட்ட முடியுமா?”

அனீஷின் திருத்தம் திரையில் அப்படியே இருந்தது.

“முடியாது” என்றாள்.

அவன் பெருமூச்சு விட்டதைக் கேட்டாள். கோபமா, நிம்மதியா, பிடிபடவில்லை.

“பழைய தேதி போட்ட பேரு தனியா ஓரமா நிக்கிற மாதிரி மாத்தித் தர்றேன். சிவப்பு வேண்டாம். யாரும் பதற மாட்டாங்க.”

“அது போதும்க்கா” என்றான் டைட்டஸ்.

இனி அனீஷுக்குச் சொல்லவேண்டும். எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். கடைசியில் ‘இது பிழை அல்ல’ என்று மட்டும் அனுப்பினாள்.

அவன் பதில் உடனே வந்தது. ‘அப்படியென்றால் உதவிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் என்னைப்போல இன்னொருவன் வந்து மெனக்கெடுவான்.’

கோபப்பட்டிருக்கிறான். நியாயம்தான்.

உதவிப் பக்கத்தைத் திறந்தாள். நீக்குதல் என்ற தலைப்பின் கீழே ஒரு வரி சேர்த்தாள்.

நீக்கிய பெயரை மீண்டும் சேர்க்கலாம்.

பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு வரி.

எத்தனை முறை வேண்டுமானாலும்.